நவம்பர் 23: கீழைக்கரைச் சூறாவளியும் மாரிப் போகமும்

கல்முனைக்குடியில் அறுபது வயதைக் கடந்த எவரிடத்தும் சூறாவளி என்ற சொல்லைச் சொன்னால், எந்த ஆண்டுச் சூறாவளி என்று அவர் திருப்பிக் கேட்பதில்லை. கீழைக்கரையில் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஏறத்தாழ இரண்டு வாரமாகியிருந்தது. மாரிப் போகத்து விதைப்பு பெரும்பாலும் முடிந்து, வட்டைகளில் பயிர் பச்சை பிடிக்கும் பருவம். அன்று மாலையிலும் இரவிலும் வங்காள விரிகுடாவிலிருந்து ஏறிவந்த பெருங்காற்று மட்டக்களப்பை அடுத்த கரையைத் தாக்கியது. கல்முனை அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கே உள்ளது. சூறாவளி என்பது பல மைல் அகலமுடைய காற்றாதலின், அத்தூரம் ஒரு தூரமே அன்று. மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்தபோது, ஒரே இரவிற்குள் ஊரின் உருவம் மாறிக் கிடந்தது.

இலங்கை முழுவதிலும் அச்சூறாவளியால் ஏறத்தாழ 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 2,50,000 கட்டிடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது. அங்கிருந்த 11 நெற் களஞ்சியங்களுள் 9 அழிந்தன. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கு காணாமற் போயிற்று. கரையைத் தாண்டிய காற்று காட்டையும் மேட்டையும் கடந்து ஒரே இரவில் தீவின் மேற்குக் கடலில் இறங்கியது. அங்கே மீண்டும் வலுப்பெற்று 24 ஆந் திகதி மாலை தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டக் கரையையும் தாக்கியது.

மேற்கண்ட கணக்கில் வேளாண்மைக்காரர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது நெற் களஞ்சியங்களின் எண்ணிக்கையாகும். காற்று என்றால் வயலுக்கே கேடு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நவம்பர் மாத இறுதியில் வயலில் நிற்பது முழங்காலளவு உயரமும் இல்லாத இளம் பயிர். எத்துணை வலிய காற்றும் அதனை வளைக்குமேயன்றி முறிப்பதில்லை. காற்று ஓய்ந்ததும் அது நிமிர்கின்றது. காற்றுக்கு முதலில் இரையாவது உயர்ந்து நிற்பவை: கூரையும், மரமும், மதிலும். கூரை பறந்த வீட்டில் மழை நேரே இறங்குகிறது. அவ்வீட்டின் மூலையில் அடுக்கியிருக்கும் நெல் மூட்டைகள், அடுத்த அறுவடை வரைக்கும் குடும்பம் உண்ணவேண்டிய நெல், சிறுபோகத்துக்கென ஒதுக்கிய விதைநெல் யாவும் அதில் நனைகின்றன. நனைந்த நெல் இரண்டு நாளில் முளைவிடுகிறது. மூன்றாம் நாள் வெப்பமேறி நாற்றமடிக்கிறது. வயலில் உள்ள பயிர் பிழைத்துக்கொண்ட வீட்டிலும், பெப்ரவரி அறுவடை வரை அடுப்பெரிக்க வழியின்றிப் போவது இவ்வாறே. கடன் தொடங்குவதும் இங்கேயாகும்.

காற்றின் வலிமையை அளக்கும் கணக்கு எளிதன்று என எண்ணுவோர் பலர். உண்மையில் அஃது எளிது. காற்றின் வேகம் இரு மடங்கானால், அது ஒரு பொருளின்மேல் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். கல்முனைக்குடிக் கரையில் மாரி காலத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுவது புதிதன்று. கிடுகுக் கூரைகள் அதனைத் தாங்குகின்றன. 1978 இல் வந்தது மணிக்கு 120 கிலோமீற்றரைக் கடந்த காற்று. 40 கிலோமீற்றர்க் காற்றை ஆண்டுதோறும் தாங்கிய கூரை, இதையும் தாங்கும் என்று நம்பியிருந்தவர் அன்றிரவு ஒன்பது மடங்கு விசையை எதிர்கொண்டார்.

கார்த்திகையில் ஏன்?

சூறாவளிக்கு வேண்டுவன இரண்டு. முதலாவது, வெப்பமான கடல்நீர். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்கு மேல் ஆழமாகச் சூடேறியிருத்தல் வேண்டும். அந்நீர் ஆவியாகி மேலேறிக் குளிர்ந்து முகிலாகும்போது வெளிவிடும் வெப்பமே சூறாவளியின் விறகு. இரண்டாவது, பூமியின் சுழற்சியால் காற்று வளைந்து சுற்றுதல். இச்சுழற்சி நடுக்கோட்டை அண்டிய இடங்களில் மிகக் குறைவு. 5 பாகைக்குக் கீழ்ப்பட்ட அகலாங்குகளில் சூறாவளி உருவாவது அரிது. கல்முனை 7 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் உள்ளது. அதாவது விளிம்பில் உள்ளது. வங்காள விரிகுடாவில் பிறக்கும் சூறாவளிகளுட் பெரும்பாலானவை வடக்கே வளைந்து ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் செல்வதற்கும், கீழைக்கரையை அவை எப்போதாவது தாக்குவதற்கும் இவ்விளிம்பு நிலையே காரணம்.

ஒக்டோபரில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகீழ்ப் பருவக்காற்று முழு வலுவடையுமுன் ஒரு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் காற்றுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வலயம் தெற்கு நோக்கி இறங்கி இலங்கைக்கு நேரே நிற்கின்றது. விரிகுடாவின் நீரும் அப்போது சூடாகவே இருக்கின்றது. நவம்பர் மாதம் விரிகுடாவின் நாலாபுறத்திலும் கொடியதாய் விளங்குவது இதனாலேயே. 1970 நவம்பர் 12 ஆந் திகதி இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளியில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1977 நவம்பர் 19 ஆந் திகதி ஆந்திரத்தின் திவி வட்டாரத்தைக் கடல் ஏறி மூடியபோது பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். மட்டக்களப்புச் சூறாவளிக்கு அஃது ஓராண்டு முந்தியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல் தஞ்சைக் கடைமடைத் தென்னைகளைச் சாய்த்தது. அங்கும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னை உடைமையாளர் பெற்ற இழப்பு, சம்பா நெல் விதைத்தோர் பெற்ற இழப்பினும் நெடியது. நெல் ஒரு போகத்தில் மீளும். தென்னை மீளுவதற்கு ஆறேழு ஆண்டு வேண்டும்.

கீழ் மாகாணத்தில் இதற்கு முன் பெருஞ்சூறாவளி வீசியது 1907 மார்ச் மாதத்தில். அதற்கும் 1978 இற்கும் இடையே 71 ஆண்டுகள். 1907 இல் பத்து வயதுச் சிறுவனாய் அதனைக் கண்டவர் எண்பது வயதைத் தாண்டியே அடுத்ததைக் காண முடியும். ஒரு ஊர் தன் படிப்பினையை மறந்துபோவதற்கு இவ்விடைவெளி போதுமானது. இடையில் 1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. 1964 டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கையின் வடபகுதியையும் அது வருத்தியது. ஆனால் கல்முனைக் கரையை விட்டு விலகிற்று. "சூறாவளி நம் ஊருக்கு வருவதில்லை" என்ற எண்ணம் இவ்வாறே ஊன்றுகின்றது. 1978 இற்குப் பின்னர் அவ்வெண்ணம் வேறு உருவெடுத்தது: "ஒரு முறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வாராது" என்பதாயிற்று. இரண்டும் கணக்கறியாத கூற்றுக்களே. கடல் தன் வரவைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

கரையிலிருந்து காற்றை அறிதல்

வட அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். அதாவது, மேலிருந்து நோக்கின் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். இதிலிருந்து ஒரு எளிய விதி பெறப்படுகின்றது. வீசும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், சூறாவளியின் நடு இடக்கைப் பக்கத்தில் இருக்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியருகில் நிற்பவர் வடமேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவரது இடக்கை வடகிழக்கைக் காட்டும். நடு அங்கே கடலில் உள்ளது. காற்று வடமேற்கிலிருந்து மேற்காகவும், பின்னர் தென்மேற்காகவும் திரும்புமாயின், நடு தனக்கு வடபால் கரையேறிச் செல்கிறது என்று அறியலாம். காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்புமாயின், நடு தனக்குத் தென்பால் செல்கின்றது. இவ்விரண்டாவது நிலையே அஞ்சத்தக்கது. ஏனெனில், நடுவுக்கு வடபால் உள்ள கரையிலேயே காற்று கடலை நிலத்தின்மேல் தள்ளுகின்றது.

திசை திரும்பாமல் ஒரே பக்கத்திலிருந்து காற்று மேன்மேலும் வலுத்து வந்து, பின்னர் திடீரென ஓய்ந்து வானமும் சிறிது வெளுக்குமாயின், நடு நேரே தலைக்குமேல் வந்திருக்கின்றது. அவ்வமைதி அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நிற்கும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து அதே வலிமையோடு காற்று வீசும். முதற் காற்றில் தப்பிய கூரையைச் சரிபார்க்க ஏணியிட்டு ஏறியோர் இரண்டாம் காற்றில் இறந்த செய்திகள் உலகில் பல சூறாவளிகளில் உண்டு. ஓய்வு வந்தவுடன் வெளியே செல்லாதிருப்பது உயிர் காக்கும்.

ஊரார் கூறும் அறிகுறிகளுட் சில மெய். சில பழகிய பேச்சு. எறும்பு முட்டையைத் தூக்குவதும் தவளை கத்துவதும் சாதாரண மழைக்கும் உண்டு. அவற்றைக் கொண்டு சூறாவளியை அறிய முடியாது. கடலின் அலையோ வேறு. தொலைவிலுள்ள சூறாவளி எழுப்பும் நீண்ட அலைகள், சூறாவளியினும் விரைந்து வந்து, ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே கரையை அடைகின்றன. காற்றில்லாத காலையில், நீண்ட இடைவெளி விட்டு, கனத்த ஓசையோடு அலை புரளுமாயின், அது நெடுந்தூரத்துப் புயலின் தூது. கரைவலைக்காரர் இதனை நன்கறிவர். வயற்காரர் அவர்களைக் கேட்டறிவதில் தாழ்வு ஒன்றுமில்லை. 1978 இல் பெரும்பாலான வீடுகளுக்கு வெளிச்செய்தி வந்த வழி வானொலி ஒன்றே. இன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை கைப்பேசியிலேயே கிடைக்கின்றது; அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். செய்தி முன்னரிலும் விரைவாக வருகின்றது. அதனைக் கேட்டபின் வீட்டில் நடப்பது மாறியிருக்கின்றதா என்பதே கேள்வி.

வெள்ளமும் வயலும்

காற்று ஓர் இரவு. வெள்ளமோ ஒரு வாரம், சில வேளை இரு வாரம். கல்முனைக்குடிக்கு மேற்கே கரைவாகு வட்டைகள் தாழ்ந்த நிலம். சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்தும், சிறு குளங்களிலிருந்தும், சம்மாந்துறைப் பக்கத்து வாய்க்கால்களிலிருந்தும் வடியும் நீர் இங்கேதான் வந்து தேங்குகின்றது. நற்பிட்டிமுனைக்கும் சவளக்கடைக்கும் இடையிலுள்ள கிட்டங்கிப் பாதை மாரிதோறும் மூழ்குவதே இதற்குச் சாட்சி. 2024 நவம்பர் 26 ஆந் திகதி காரைதீவு மாவடிப்பள்ளிப் பாதையில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்று, மத்ரசா மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். மூழ்கிய பாதையில் ஓடும் நீர் முழங்காலளவாயினும் வண்டியைத் தள்ளவல்லது. பயிருக்காயினும் பிள்ளைகளுக்காயினும் அதைக் கடக்க முற்படலாகாது.

வெள்ளத்தில் பயிர் பிழைப்பது அதன் வயதைப் பொறுத்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் முதல் மழைக்கு விதைத்த நெல், நவம்பர் 23 இல் ஏறத்தாழ 40 நாட் பயிராய் நன்கு கிளைத்திருக்கும். இலை நுனியாவது நீருக்குமேல் நிற்கும். நுனி வெளியே நிற்கும்வரை அது மூச்சுவிடும். நவம்பர் பத்தாந் திகதி முளைநெல் விதைத்தவருடைய பயிர் அன்று பதின்மூன்று நாட் பிள்ளை. நான்கு விரலளவு நீரும் அதனை மூடிவிடும். முற்றாக மூழ்கிய இளம்பயிர் ஐந்தாறு நாள் தாங்கலாம். நீர் தெளிந்ததாயும் குளிர்ந்ததாயும் ஓடுவதாயும் இருப்பின் இன்னும் சில நாள். கலங்கித் தேங்கிய நீரில் அதுவும் இல்லை. முதல் மழையை நம்பி உழுது காலத்தோடு விதைப்பது நீர்ச் சிக்கனத்துக்காக மட்டுமன்று என்பதை இதிலிருந்து அறியலாம். உழவு இயந்திரம் கிடைக்கவில்லை, உரம் வரவில்லை என்று இரண்டு வாரம் பிந்துவோர், அவ்விரண்டு வாரத்தையும் வெள்ளத்திடம் ஈடாக வைக்கின்றனர்.

2011 ஜனவரியில் கீழ் மாகாணத்தில் வந்த பெருவெள்ளம் வேறு வகையான கேட்டைச் செய்தது. அப்போது நெல் பூத்தும் கதிர் தள்ளியும் நின்ற காலம். நவம்பர் வெள்ளம் பயிரை அழித்தாலும் மறுவிதைப்புக்கு நாள் உண்டு. ஜனவரி வெள்ளம் கதிரை அழித்தால் அந்தப் போகம் போனதேயாகும். ஆதலின் நவம்பரில் நேரும் இழப்பை, மனம் தளராது, கணக்கோடு நோக்குதல் வேண்டும்.

நீர் வடிந்தவுடன் யூரியா தூவ விரைவது பெரும்பாலும் செய்யப்படும் பிழை. நீரில் நலிந்த வேர் அதனை ஏற்பதில்லை. காற்றில் கிழிந்த இலை வழியாகப் புகும் பற்றீரியா இலைவெளிறல் நோய்க்கு அது உணவாகின்றது. வக்கடைகளைத் திறந்து நீரை வடித்து, இலைமேற் படிந்த சேற்றை மழையோ தெளிநீரோ கழுவவிட்டு, புதிய வெண்வேரும் புதிய இலையும் தோன்றும்வரை ஒரு வாரமளவில் பொறுத்தல் வேண்டும். பின்னரே மேற்கட்டுப் பசளை. அதிலும் பொற்றாசு சேர்த்திடுவது நன்று. இடையிடையே அழிந்த இடங்களை, அடர்த்தியாக நிற்கும் இடத்திலிருந்து கிளைகளைப் பிரித்து நட்டு நிரப்பலாம். பாதிக்கு மேல் அழிந்த வயலை உழுது மறுபடியும் விதைப்பதே சிக்கனம். டிசம்பர் நடுவில் அவ்வாறு விதைப்போர் நான்கு மாத நெல்லை நாடுதல் கூடாது. பிஜி 250 போன்ற இரண்டரை மாத இனம் மார்ச் தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். சிறுபோகத்துக்கு நிலமும் விடுபடும். விளைச்சல் சற்றுக் குறைவே. எனினும் வெறும் வயலினும் அது மேலானது.

முகத்துவாரம் வெட்டுவது கீழைக்கரையில் என்றும் தகராறுக்குரிய காரியம். கோடையில் மணல் அடைத்த கல்லாற்று முகத்துவாரமும், சாய்ந்தமருதுத் தோணா போன்ற சிறு வடிகால்களும் திறந்தால்தான் வட்டைகளின் நீர் கடலுக்குச் செல்லும். நெல் விதைத்தவர் உடனே வெட்டுக என்பார். வாவியில் இறால் பிடிப்பவர் பொறுக்க என்பார். நீர் வற்றினால் இறாலும் குஞ்சும் கடலோடு போய்விடும், உவர்நீரும் உட்புகும். இரு பக்கத்தும் நியாயம் உண்டு. இரு பக்கத்தாரும் மறந்துபோவது ஒன்றுண்டு. சூறாவளி கரையை நெருங்கும்போது கடலே உயர்ந்து நிற்கின்றது. அவ்வேளை மணல் மேட்டை வெட்டுவது வாவியை வடிப்பதாகாது. கடலை வயலுக்கு அழைப்பதாகும். காற்று ஓய்ந்து கடல் இறங்கி, வாவி நீர்மட்டம் கடலினும் தெளிவாக உயர்ந்திருக்கும்போது, வற்றுப்பெருக்கில் ஒரு சிறு கால் வெட்டினாலே போதும். ஓடும் நீர் தன் வழியைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். அந்நாளை வட்டைவிதானையும், கமக்காரர் அமைப்பும், மீனவர் சங்கமும் நீர்ப்பாசன அலுவலரோடு கூடித் தீர்மானிப்பது வழக்கமாதல் நன்று. இரவில் மண்வெட்டியோடு சென்று வெட்டுவோர் தம் வயலுக்கும் சேர்த்தே கேடு செய்துகொள்கின்றனர்.

மேட்டுநிலத் தோட்டமும் தென்னையும்

பிரதான வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் நிலத்தில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, கீரை பயிரிடுவோர்க்குக் காற்று நேரடிப் பகை. நெல்லைப் போல் வளைந்து நிமிரும் இயல்பு இவற்றுக்கு இல்லை. ஆயினும் நாற்றுமேடையைக் காப்பது இயலும். எச்சரிக்கை கிடைத்தவுடன் மேடைமேலிட்ட பந்தலைக் கழற்றிவிட வேண்டும். பந்தல் விழுந்தே நாற்றுக்கள் பெரிதும் நசுங்குகின்றன. நாற்றுக்களைக் கிடுகாலோ வைக்கோலாலோ தாழ மூடி, மேற்பாரமாக மணல் நிரப்பிய சாக்குகளை வைக்கலாம். பெட்டியிலும் பையிலும் வளர்ப்பவற்றை வீட்டுக்குள் கொண்டுசெல்லலாம். பாகல், புடோல் பந்தலில் முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும். வாழையின் இலைகளுட் பாதியை வெட்டிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்புக் குறைந்து மரம் நிற்கும். குலையீன்ற மரத்துக்கு முட்டுக்கொடுப்பது வழக்கந்தானே.

தென்னையில் முற்றிய குலைகளை இறக்கிக் கீழ் ஓலைகளை வெட்டுவதும் இத்தகையதே. இஃது எல்லா மரத்தையும் காப்பாற்றாது, சிலவற்றைக் காப்பாற்றும். பெருங்காற்றில் தென்னையினும் பனை உறுதியாக நிற்பதைக் கீழைக்கரையார் அறிவர். வேலியோரம் பனையும், தோட்டத்தின் கடற்பக்கம் சவுக்கும் கிளிசிரிடியாவும் வளர்ப்பது சாதாரண ஆண்டுகளிலும் உப்புக்காற்றைத் தடுத்துப் பயனளிக்கும். விழுந்த தென்னங்குற்றிகளைத் தோட்டத்திலேயே கிடக்கவிடுவது பெருந்தவறு. மட்கும் குற்றியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; சில மாதங்களில் அது வளர்ந்து தப்பிய மரங்களின் குருத்தையும் புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகளையும் துளைக்கும். குற்றியைப் பலகைக்கோ விறகுக்கோ விரைந்து அறுத்தெடுத்தல் வேண்டும்.

கடல் ஏறிய இடங்களில் கிணறு உவர்க்கும். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையோரத்தில் பலர் கிணறுகளை இயந்திரத்தால் இறைத்து இறைத்துத் துப்புரவு செய்ய முயன்றனர். மணல் நிலத்தில் நன்னீர், கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மேலும் மேலும் இறைத்தால் நன்னீர்ப் படை நீங்கிக் கீழுள்ள உவர்நீரே மேலேறும். ஒரு முறை அழுக்கை அகற்றியபின், டிசம்பர், ஜனவரி மழை தானே கிணற்றைத் தெளிவிக்க விடுவது நல்லது. மணல் நிலத்தின் உப்பும் அம்மழையிலேயே பெரும்பாலும் கழுவப்படும். அதுவரை உப்பைத் தாங்காத பயற்றையை விடுத்துக் கீரை வகைகளை முயன்று பார்க்கலாம்.

வெள்ளம் வடிந்த வயலில் வெறுங்காலோடு இறங்குவோர்க்கு எலிக்காய்ச்சல் உண்டாகக்கூடும். காலில் வெடிப்பும் காயமும் உள்ளோர் முன்னதாகவே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பெறுதல் வேண்டும். வேளாண்மைக்குரிய துண்டுப் பிரசுரத்தில் இது ஏன் என்று கேட்பார் இருக்கலாம். காய்ச்சலில் கிடப்பவர் மறுவிதைப்புச் செய்வதில்லை.

விதைநெல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது ஆறு நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று. மலைநாட்டு மண்சரிவும் வெள்ளமுமே. 1978 இல் காற்று. 2011 இலும் 2024 இலும் வெள்ளம். 2025 இல் இவ்வாறு. அடுத்தது எவ்வடிவில் வரும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டப்படுவது ஒன்று உண்டு. அது மறுவிதைப்புக்குரிய நெல்.

ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்பது திணைக்களத்தின் பரிந்துரை. கீழைக்கரையில் அதற்கு இரட்டிப்பாக விதைப்போர் பலர். அவ்வாறு கூடுதலாக வயலில் எறியும் நெல்லில் ஒரு பகுதியை, குறுங்கால இனமாக மாற்றிச் சேமித்து வைத்திருந்தால், அதுவே மறுவிதைப்புக்குப் போதுமானது. வைக்கும் முறை முதன்மையானது. 12 அல்லது 13 சதவீத ஈரம் வரும்வரை, அதாவது பல்லால் கடித்தால் நொறுங்கும்வரை, நன்கு காயவைத்து, உட்பையிட்ட சாக்கில் இறுகக் கட்டி, நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்ந்த மேடையில் அடுக்குக. ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ உள்ள வீட்டில் அடுக்குவதாயின் மேலே தடித்த பொலித்தீன் விரிப்பைக் கட்டுக. முழுவதையும் ஒரே வீட்டில் வையாதிருப்பது இன்னும் நன்று. கடற்பக்கத்து வீட்டுக்காரர் தம் பங்கில் பாதியை மேற்கே உறவினர் வீட்டிலும், வயற்பக்கத்து வீட்டுக்காரர் தம் பங்கில் பாதியைக் கிழக்கே மேட்டு வீட்டிலும் வைத்தால், காற்று வந்தாலும் வெள்ளம் வந்தாலும் ஏதாவது ஒரு பாதி மிஞ்சும். மச்சான், மைத்துனர் வீடுகள் ஊரில் இருக்கும்போது இதற்குப் பணம் வேண்டுவதில்லை. சாக்கின்மேல் இனத்தின் பெயரையும் அறுத்த திகதியையும் எழுதிக் கட்டுவது மட்டும் மறக்கலாகாது; மூன்றரை மாத நெல்லை இரண்டரை மாத நெல்லென்று எண்ணி டிசம்பரில் விதைத்துவிட்டு, மார்ச்சில் நீரின்றித் தவிப்போர் ஆண்டுதோறும் உண்டு.

விதைப்பு முடிந்தவுடன் காணியின் பரப்பையும், இனத்தையும், விதைத்த திகதியையும் கமநல சேவை நிலையத்தில் பதிவுசெய்து, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். சேதம் நேர்ந்தால் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை கேட்பது முதலில் அச்சீட்டையே. வெள்ளம் வடியுமுன் வயலைப் படம்பிடித்து வைப்பதும், சில நாட்களுக்குள் அறிவிப்பதும் உரிமைகோரலுக்கு வலுவூட்டும். மறுபடி உழுதபின் சேதத்தைக் காட்டுவது கடினம். அச்சீட்டும், காணி உறுதியும், பசளைப் புத்தகமும் ஒரே பொலித்தீன் உறையில் மடித்து, விதைநெற் சாக்கோடன்றி, வீட்டைவிட்டு வெளியேற நேரின் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பையில் நவம்பர் பிறக்குமுன்னரே வைக்கப்படுதல் வேண்டும்.